"பெறாது" என்று சொல்லும் முன்

நம் வீடுகளில் வாசல் வியாபாரம் நடக்கும்போது அதிகமாகப் புழங்கும் சொல் எது என்று கேட்டால், "பெறாது" என்பதைத்தான் சொல்ல வேண்டும். உடன்குடிக் கருப்பட்டியை முகர்ந்து பார்ப்போம். "இந்த விலைக்குப் பெறாது" என்போம். காருக்குறிச்சிப் பானையை விரலால் சுண்டிப் பார்ப்போம்; ஓசை கணீரென்று வந்தாலும் "பெறாது" என்போம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய செவ்வாய்க்கிழமையில் மேலப்பாளையம் சந்தைக்குப் போனால் இந்தச் சொல்லின் முழு ஆட்சியையும் காணலாம். பல்லைப் பிடித்துப் பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்து, காலில் ஒரு நொண்டலைக் கற்பித்து, "இந்த ஆடு அந்த விலைக்குப் பெறாது" என்று அடித்துப் பேசியவரே, வீட்டுக்கு ஓட்டி வந்ததும் அண்டை வீட்டாரைக் கூப்பிட்டு, "எப்படி ஆடு பாத்தியளா! இந்த விலைக்கு யாரு தருவா?" என்கிறார். சந்தையில் இருந்த நொண்டல் தெருமுனை வருவதற்குள் குணமாகிவிடுகிறது!

பிறரைச் சொல்வதற்கு முன் என்னைச் சொல்லிவிடுவது முறை. சென்ற ஷஃபான் மாதக் கடைசியில், ரமளான் வருகிறதே, வீட்டுப் பெண்கள் தராவீஹ் தொழ நல்ல பாய் ஒன்று வேண்டுமே என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பத்தமடையிலிருந்து வயதான ஒரு பெண்மணி நான்கு பாய்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். ஒன்றை விரித்தார். இழை நெருக்கமாக இருந்தது, ஓரம் வளையாமல் இருந்தது, எனக்குப் பிடித்துவிட்டது. விலை 900 ரூபாய் என்றார். கையில் பணம் இருக்கவே செய்தது. ஆனால் வாயில் வந்த சொல் என்ன தெரியுமா? "இது அந்த விலைக்குப் பெறாது உம்மா. டவுனில் பிளாஸ்டிக் பாய் இருநூறுக்குக் கொடுக்கிறானே!"

அந்த அம்மையார் கோபப்படவில்லை. பாயைச் சுருட்டவுமில்லை. "அசரத்து, கையில துட்டு இல்லன்னு சொல்லுங்க, கொறச்சுத் தாரேன். பெறாதுன்னு மட்டும் சொல்லாதிய. எம் மவளும் நானும் உக்காந்து நெய்த பாயி" என்றார்.

நான் விடவில்லை. 650 ரூபாய்க்கு முடித்தேன். நன்றாக வாங்கிவிட்டோம் என்ற திருப்தியும் இருந்தது. ஒரு வாரம் கழித்து மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போதுதான் அந்தத் திருப்தி போயிற்று.

பாடம், ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் நகரத்தாருக்குச் செய்த உபதேசம். அல்அஃராஃப் அத்தியாயம் 85, ஹூத் 85, அஷ்ஷுஅரா 183 ஆகிய மூன்று இடங்களில் அல்லாஹ் அதை எடுத்துக் கூறுகிறான். அளவையையும் நிறுவையையும் நிறைவாகக் கொடுங்கள் என்று சொன்ன கையோடு, மக்களின் பொருள்களில் அவர்களுக்குக் குறை செய்யாதீர்கள் என்றும் அந்த நபி சொன்னார்கள். முதல் கட்டளையை நாம் எல்லோரும் அறிவோம். தராசுக்குக் கீழே புளியை ஒட்டிவைக்கிற கடைக்காரரை நினைத்துக்கொண்டு, "அவனுக்கு நல்லா வேணும்" என்று ஜும்ஆ பயானில் தலையாட்டுவோம். இரண்டாவது கட்டளையை மட்டும் முதலாவதன் மறுபதிப்பாக எண்ணிக் கடந்துவிடுகிறோம்.

அங்கே வரும் அரபுச் சொல்லின் வேர் "பக்ஸ்". குறைத்தல் என்பது பொருள். ஹிஜ்ரி 671-இல் மறைந்த இமாம் குர்துபீ (ரஹ்) அவர்கள் தம் தஃப்ஸீரில் அல்அஃராஃப் வசனத்துக்கு விளக்கம் எழுதும்போது, இந்தக் குறைத்தல் எப்படியெல்லாம் நிகழும் என்று பிரித்துக் காட்டுகிறார்கள். அளவில் மோசடி செய்வதும், மதிப்பு விஷயத்தில் ஏமாற்றுவதும் அதில் உண்டு. ஆனால் அவர்கள் முதலில் வைத்திருப்பது எதைத் தெரியுமா? சரக்குக்கு இல்லாத குற்றம் சொல்வதையும், அதை மதிப்பற்றதாகக் காட்டுவதையும்! தராசைத் தொடாமலே, படியைத் தொடாமலே, வெறும் நாவினால் ஒருவருடைய பொருளைக் குறைத்துவிடலாம். அந்தக் குறைப்பைப் பெரும்பாலும் செய்பவர் யார்? விற்பவர் தம் சரக்கை இழித்துப் பேசமாட்டார். வாங்குகிற நாம்தான் பேசுகிறோம்.

இதே "பக்ஸ்" என்ற சொல் யூஸுஃப் அத்தியாயத்தின் 20-ஆம் வசனத்திலும் வருகிறது. கிணற்றிலிருந்து எடுக்கப்பட்ட யூஸுஃப் (அலை) அவர்களை எண்ணிவிடத்தக்க சில திர்ஹம்களுக்கு, அற்ப விலைக்கு விற்றார்கள் என்று அல்லாஹ் சொல்லும் இடம் அது. விற்றவர்கள் சகோதரர்களா, வணிகக் கூட்டத்தாரா என்பதில் விரிவுரையாளர்களிடையே இரு கருத்து உண்டு; அது நமக்கு ஈண்டு தேவையில்லை. அவரை ஒரு பொருட்டாக மதிக்காதவர்களாக அவர்கள் இருந்தார்கள் என்று அவ்வசனம் முடிகிறது. அங்கே "ஸுஹ்து" என்பதன் வேரிலிருந்து வந்த சொல் இருக்கிறது. இமாம் குர்துபீ அவர்கள் சரக்கை மதிப்பற்றதாகக் காட்டுவதற்குப் பயன்படுத்தும் "தஸ்ஹீத்" என்ற சொல்லும் அதே வேரைச் சேர்ந்ததுதான்.

இதைச் சொல்லும்போது ஒரு பிள்ளை கேட்டான்: "ஹஜ்ரத், ஸுஹ்து நல்ல குணமாச்சே?" நல்ல கேள்வி. தன் ஆசையைத் தானே குறைத்துக்கொள்வது ஸுஹ்து. அது பெரியோர்களின் வழி. பிறருடைய பொருளின் மதிப்பை நம் பேச்சால் குறைப்பது தஸ்ஹீத். எனக்குப் பாய் வேண்டாம், மணலில் தொழுதுகொள்கிறேன் என்றிருந்தால் அது ஒரு கணக்கு. பாயும் வேண்டும், ஆசையும் குறையவில்லை, அதன் மதிப்பு மட்டும் குறைய வேண்டும் என்றால் அதற்கு வேறு பெயர். நம்மில் சிலர் இந்த இரண்டாவதைச் செய்துவிட்டு, முதலாவதன் நன்மையை எதிர்பார்க்கிறார்கள். பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு அந்த நேரத்தில் பத்தமடை அம்மையாரின் முகம்தான் தெரிந்தது.

அப்படியானால் விலை பேசுவதே கூடாதா? அப்படியில்லை, பேரம் பேசுவது ஆகுமானதே. நாயகம் (ஸல்) அவர்களே பேசியிருக்கிறார்கள். ஒரு படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில் ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகம் களைத்துப் பின்தங்கியது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தட்டி ஓட்ட, அது மற்ற ஒட்டகங்களை முந்திக்கொண்டு ஓடியது. அதன் பின்னரே, அதைத் தமக்கு ஓர் ஊக்கியாவுக்கு விற்கும்படி கேட்டார்கள். ஓர் ஊக்கியா என்பது 40 திர்ஹம். ஜாபிர் (ரலி) முதலில் தயங்கினார்கள். பிறகு மதீனா சேரும் வரை தாமே ஏறிவருவதாகச் சொல்லி விற்றார்கள். ஊர் வந்ததும் விலையை நிறுத்துக் கொடுக்கும்படியும், சற்று அதிகமாகவே கொடுக்கும்படியும் பிலால் (ரலி) அவர்களுக்கு உத்தரவாயிற்று. ஜாபிர் (ரலி) பணத்தோடு திரும்பிப் போகும்போது அவரை மீண்டும் அழைத்து, ஒட்டகத்தையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது. அன்று அதிகமாகக் கிடைத்ததை ஜாபிர் (ரலி) செலவழிக்காமல் பையிலேயே வைத்திருந்தார்கள். ஹிஜ்ரி 63-இல் ஹர்ராச் சம்பவத்தில்தான் அது பறிபோயிற்று என்று முஸ்லிமின் அறிவிப்பு கூறுகிறது.

களைத்துப்போன ஒட்டகம் அது. குறை சொல்லி வாங்க விரும்புகிறவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு ஏது? ஆனால் பெருமானார் (ஸல்) அவர்கள் அதன் களைப்பைச் சுட்டிக்காட்டி விலை கேட்கவில்லை; அது நன்றாக ஓடத் தொடங்கிய பிறகுதான் கேட்டார்கள். பேரத்துக்கும் பக்ஸுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட விளக்கமாகச் சொல்ல என்னால் முடியாது. "எனக்கு இவ்வளவுதான் கட்டுபடியாகும், தருகிறீர்களா?" என்பது பேரம். அது உண்மையாக இருக்கும்வரை அதில் குற்றமில்லை. பொருளில் உண்மையிலேயே ஓட்டை இருந்தால், கிழிசல் இருந்தால், அதைக் காட்டுவதிலும் குற்றமில்லை. இல்லாத குறையை உண்டாக்குவதும், தனக்கே தெரிந்த மதிப்பை மறுப்பதும்தான் ஷுஐப் நபியின் எச்சரிக்கைக்குள் வருகிறது.

தெரிந்த மதிப்பு என்றேன். தெரியாமலே "பெறாது" என்பவர்களும் நம்மில் மிகுதி. கோரைப்பாய் எப்படி உண்டாகிறது என்று நம் பிள்ளைகளைக் கேளுங்கள். மிஷினில் என்று சொல்வார்கள். விசைத்தறிப் பாய்களும் வந்துவிட்டன, உண்மைதான். ஆனால் கைப்பாயின் கதை வேறு. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, வெயிலில் காயவைத்து, மெல்லிய கீற்றுகளாகக் கீறி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடியும் காயவைத்து, சாயம் தோய்த்து, அதற்குப் பிறகுதான் தறிக்கு வருகிறது. தறி என்றால் உயரமான சட்டமுமில்லை, மிதிக்கட்டையுமில்லை. தரையோடு தரையாக மூங்கில் கழிகளில் பாவு நூல் கட்டி, அதன்மேல் குனிந்து உட்கார்ந்து, நீண்ட குச்சியால் ஒவ்வொரு கோரைக் கீற்றாகக் கோத்து, ஒவ்வொன்றையும் நெருக்கித் தட்ட வேண்டும். பாவு நூல் நெருங்க நெருங்கப் பாய் மெலியும், நாளும் கூடும். கைத்துண்டு போல் மடிக்கக்கூடிய பட்டுப்பாய் ஒன்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். மழை பிடித்துக்கொண்டால் கோரை காயாது, வேலை நின்றுபோகும். முதுகுவலி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்துப் பெண்கள். புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்று அரசாங்கம் அதற்கு மதிப்புக் கொடுத்திருக்கிறது. அதன் மதிப்பு நம் வாசலுக்கு வரும்போதுதான் குறைந்துபோகிறது!

ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் சம்பவம் இங்கே நினைவுக்கு வர வேண்டியது. ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகம் (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்தவர்கள் இவர்கள். இவர்களின் பணியாளர் ஒரு குதிரையை 300 திர்ஹமுக்குப் பேசி முடித்து, பணம் வாங்கிக்கொள்ள அதன் சொந்தக்காரரையும் அழைத்து வந்தார். ஜரீர் (ரலி) குதிரையைப் பார்த்தார்கள். இது முந்நூறைவிட அதிகம் பெறும், நானூறுக்குத் தருகிறீரா என்று விற்பவரையே கேட்டார்கள். அவர் சம்மதித்தார். இன்னும் அதிகம் பெறும், ஐந்நூறுக்குத் தருகிறீரா என்றார்கள். இப்படியே நூறு நூறாக ஏற்றி 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். கேட்டவர்களுக்கு அந்த பைஅத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். தப்ரானீயின் அறிவிப்பாக இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் இதை எடுத்தெழுதியிருக்கிறார்கள்.

அந்த உயரத்துக்கு நம்மால் ஏற முடியாது என்று சொல்லிக் கிதாபை மூடிவிடலாம். எனக்கு மூட முடியவில்லை. சட்டப்படி என் வியாபாரம் செல்லும். இருவரும் சம்மதித்து முடித்த விலை. பாய் எனக்கு ஹலால். அவர் பெற்ற பணம் அவருக்கு ஹலால். நாவு சொன்ன பொய்க்குத்தான் தவ்பா வேண்டியிருந்தது. மனிதர் சம்பந்தப்பட்ட தவ்பாவில் அந்த மனிதரிடமும் போக வேண்டும். எங்கள் மதரஸாவில் பத்தமடைப் பிள்ளை ஒருவன் ஓதுகிறான். அவனிடம் 250 ரூபாயைக் கொடுத்து, அந்த அம்மையாரைத் தேடிப் பிடித்து, "அசரத்து பெறாதுன்னு சொன்னது தப்பு, மன்னிக்கச் சொன்னாங்க" என்று சொல்லும்படி அனுப்பினேன். பையன் 100 ரூபாயைத் திருப்பிக் கொண்டுவந்தான். "நூறு ரூவா நானா மனசாரக் கொறச்சது. அதத் திருப்பி வாங்குனா எனக்கு ஆவாது"ன்னு சொல்லிட்டாங்க என்றான். விற்பவர் தாமாகக் குறைத்துக் கொடுப்பதைப் பற்றி ஃபிக்ஹு நூல்களில் தனியாகவே பேசப்பட்டிருக்கிறது. அந்த அம்மையார் எந்த நூலும் பார்த்தவரல்லர்.

ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் சம்பாத்திய ஒழுக்கங்களைப் பேசும் பகுதியில் ஓர் அளவுகோல் தருகிறார்கள். பலவீனரிடமோ ஏழையிடமோ வாங்கும்போது சற்று அதிகம் போனாலும் பொறுத்துக்கொண்டு தாராளமாக நடப்பது நல்லது. தேவைக்கு மேல் இலாபம் தேடும் பணக்கார வியாபாரியிடம் அப்படிப் பொறுத்துக்கொள்வது புகழுக்குரியதல்ல. அதில் நன்மையுமில்லை, காசுதான் வீண் என்கிறார்கள்.

சகோதரிகளே, நம் வழக்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீரைக்காரியிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறோம். குப்பியில் அடைத்த குளிர்பானத்தையும், பளபளக்கும் பொட்டலத்தில் காற்றோடு விற்கும் வறுவலையும் அச்சடித்த விலையைக் கொடுத்து வாய் பேசாமல் வாங்கி வருகிறோம். அங்கே "பெறாது" என்று சொல்ல நாவு எழுவதில்லை. நம் கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பது பற்றி வழக்கு நடந்தபோது, ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு என்ற விலை பத்திரிகைகளில் வந்தது. லிட்டருக்கு நான்கு காசுகூட இல்லை. 2016 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் வழக்கு தள்ளுபடியாகித் தடையும் நீங்கியது. வழக்கின் நியாயத்தை நான் பேச வரவில்லை. சர்க்கரையும் வாயுவும் சேர்ந்து அதே ஆற்றுத் தண்ணீர் நம் வீட்டுக்கு வரும்போது என்ன விலைக்கு வருகிறது என்பதையும், அதே ஆற்றில் ஊறிய கோரைக்கு நாம் என்ன விலை கேட்கிறோம் என்பதையும் ஒரே வீட்டுக் கணக்கில் எழுதிப் பார்த்தால் போதும்.

இதற்காகக் கைத்தொழில் பொருள் என்றால் கேட்ட விலைக்கு வாங்கியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67-ஆம் வசனம், ரஹ்மானின் அடியார்கள் செலவு செய்தால் வீண்விரயமும் செய்யமாட்டார்கள், கஞ்சத்தனமும் செய்யமாட்டார்கள், இரண்டுக்கும் நடுவே நிலையாக இருப்பார்கள் என்கிறது. கூலி வேலை செய்கிற ஒரு தகப்பனார் பிள்ளைகள் படுக்க இருநூறு ரூபாய்ப் பிளாஸ்டிக் பாய் வாங்கினால் அதுவே அவருக்கு நடுநிலை. அதில் தொழலாம், சுத்தமாக இருந்தால் ஒரு குறையுமில்லை. வியர்க்கும், அவ்வளவுதான். வாங்க முடியாதவர் "எனக்கு இப்போது முடியாது" என்று சொல்லி அனுப்புவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அந்தச் சொல் நாவில் வர மறுப்பதால்தான் அதன் இடத்தில் "பெறாது" வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுபக்கம், கல்யாணத்துக்குக் கடன் வாங்கி, விருந்தாளிகள் பார்ப்பதற்கென்றே விலையுயர்ந்த பட்டுப்பாய் வாங்கி, மறுநாள் சுருட்டிப் பரணில் போட்டுவிடுவதும் உண்டு. பாய் அந்த விலை பெறும். ஆனால் அந்தச் செலவு அந்த வீட்டுக்கு வீண்விரயம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கல்யாணப் பாய் என்றதும், அடிக்கடி கேட்கப்படும் சில மஸாயில்களையும் சொல்லிவிடுகிறேன். மணமக்கள் பெயரைப் பாயில் நெய்து வாங்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் போன்ற பெயர்களில் அல்லாஹ்வின் திருநாமம் இருக்கிறது. முஹம்மது, யூஸுஃப் போன்றவை நபிமார்களின் பெயர்கள். படுக்கவும் மிதிக்கவும் ஆகிற பொருளில் இவற்றை எழுதுவது கூடாது. ஆட்சியெல்லாம் அல்லாஹ்வுக்கே என்ற கருத்துள்ள வாசகம் எழுதிய விரிப்பை விரிப்பதும் அதில் உட்காருவதும் மக்ரூஹ் என்று ஃபதாவா ஆலம்கீரியில் காணப்படுகிறது. பெயருக்குப் பதில் பூவோ திருமணத் தேதியோ போட்டுத் தரும்படி முன்கூட்டியே சொன்னால், நெய்பவர்கள் அப்படியே செய்து தருவார்கள்.

பாவுக்குப் பட்டு நூல் போட்ட பாயில் ஆண்கள் உட்காரலாமா என்றும் கேட்கிறார்கள். பட்டின் மீது உட்காருவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹுதைஃபா (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரீயில் உள்ளது. ஆனால் ஷாஃபிஈ மத்ஹபின்படி கலப்பாக உள்ளதில் எது எடையில் மிகுதி என்று பார்க்க வேண்டும். கோரையின் எடை மிகுதியானால் தடையில்லை. பெயரளவில் மட்டும் பட்டுப்பாயாக இருந்து, பாவு பருத்தியாக இருந்தால் கேள்விக்கே இடமில்லை.

தொழுகைப் பாயில் கண்ணைப் பறிக்கும் வேலைப்பாடு வேண்டாம். கோடுகள் உள்ள ஒரு போர்வை தொழுகையில் கவனத்தை ஈர்த்ததால், நாயகம் (ஸல்) அவர்கள் அதை அபூஜஹ்மு (ரலி) அவர்களிடம் அனுப்பிவிட்டு, அவருடைய சாதாரணப் போர்வையைக் கேட்டு வாங்கிக்கொண்டதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரே நிறத்தில் ஓரத்தில் மட்டும் கரை போட்ட பாய் விலையும் குறைவு, தொழுகைக்கும் பொருத்தம்.

இன்னொன்று. பழசாகிக் கறுத்துப்போன பாய் இனிப் பெறாது என்று ஒரே வருடத்தில் தூக்கி எறிகிற வீடுகள் இருக்கின்றன. அனஸ் (ரலி) அவர்களின் பாட்டியார் முலைகா (ரலி) அவர்கள் பெருமானாரை (ஸல்) விருந்துக்கு அழைத்தார்கள். சாப்பாடு முடிந்ததும் பெருமானார் (ஸல்) அவர்கள் தொழவைக்க எழுந்தபோது, அந்த வீட்டில் இருந்தது நெடுநாள் புழங்கிக் கறுத்துப்போன ஒரு பாய்தான். அனஸ் (ரலி) அதை எடுத்துத் தண்ணீர் தெளித்து விரித்தார்கள். அதன்மேல் பெருமானார் (ஸல்) நின்றார்கள். அனஸும் இன்னொரு சிறுவரும் பின்னால் அணிவகுக்க, பாட்டியார் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். கோரைப்பாய்க்கும் அதே பக்குவம்தான். அழுக்கானால் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி நிறுத்தி வையுங்கள். ஓரம் பிரிந்தால் துணி வைத்துத் தைத்துக்கொள்ளலாம். பாய் கொண்டுவருகிற அம்மையார்களிடமே கேட்டால் தைத்தும் கொடுப்பார்கள். அதற்கு அவர்கள் கேட்கிற கூலியைப் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.